எருக்கஞ்செடி முழுக்க வெட்டுக்கிளி... மருந்தடிக்கும் முன் மீசையைப் பாருங்க!

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரம் என்றதும் வைணவர்களுக்கு கூரத்தாழ்வான் நினைவுக்கு வருவார். வரலாறு படித்தவர்களுக்கு பல்லவர் காலத்து கூரம் செப்பேடு நினைவுக்கு வரும். மழைக்குப் பிறகு அந்தப் பக்கத்து வரப்புகளில் நடப்பவர்களுக்கோ இன்னொரு காட்சி கிடைக்கும். அதைப் பார்த்து ரசிப்பவர்களைவிட பயப்படுபவர்கள்தான் அதிகம்.

பாதையோரம் ஒரு எருக்கஞ்செடி. அதன் இலைகளில் நாலு, தண்டில் ஆறு என வெட்டுக்கிளிகள். சாதாரண பச்சை வெட்டுக்கிளி கிடையாது. விரல் நீளம், பளிச்சென்ற மஞ்சள் உடம்பு, அதில் கருநீலப் பட்டைகள். மஞ்சள் உடலுக்கு நீல பார்டர் வைத்து, கோர்வை போட்டு நெய்த காஞ்சிப்பட்டு மாதிரி இருக்கும். கிட்டே போனாலும் அவசரமாகப் பறக்காது. இலையைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். செல்போனில் போட்டோ எடுப்பார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். "நம்ம ஊருக்கும் வெட்டுக்கிளி வந்துடுச்சுப்பா!" என்று ஒருவர் எழுதுவார். அன்று சாயங்காலமே யாராவது ஒருவர் உரக்கடையில் போய் நிற்பார்.

அந்த ஒரு நடைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிதானித்தால் போதும். மருந்துச் செலவு மிச்சமாகும், வயலும் தப்பிக்கும். ஏனென்றால், எருக்கஞ்செடியில் உட்கார்ந்திருக்கும் அந்த மஞ்சள் ஆளுக்கு உங்கள் நெல் தேவையே இல்லை.

2020-ல் கிருஷ்ணகிரியில் நடந்தது என்ன?

2020-ம் வருட கோடையை மறந்திருக்க முடியாது. கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்த நேரம். ஏப்ரலில் பாகிஸ்தான் எல்லையைத் தாண்டி ராஜஸ்தானுக்குள் பாலைவன வெட்டுக்கிளிகள் வந்தன. மே மாத இறுதியில் ஜெய்ப்பூர் நகரத்தின் மொட்டை மாடிகளை மொய்த்தன. அங்கிருந்து மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரா என்று பரவிய செய்தி டி.வி-க்களில் ஓடிக்கொண்டே இருந்தது.

முந்தைய ஆண்டுதான் சூர்யா நடித்த 'காப்பான்' படம் வெளியாகியிருந்தது. அதில் வரும் வெட்டுக்கிளித் தாக்குதல் காட்சிகளை வெட்டி எடுத்து, "அன்னைக்கே சொன்னாங்க பாருங்க" என்று எல்லோரும் பகிர்ந்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளி அருகே இருக்கும் நேரலகிரி கிராமத்தில் எருக்கஞ்செடிகளில் கூட்டம் கூட்டமாக வெட்டுக்கிளிகள் தென்பட்டன. 'தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது' என்ற பதற்றம் பரவியது. வேளாண்துறையினர் நேரில் போய்ப் பார்த்தார்கள். இவை வட மாநிலங்களைத் தாக்கிய பாலைவன வெட்டுக்கிளிகள் இல்லை, நம் பகுதியிலேயே இருக்கும் இனம்தான் என்று தெளிவுபடுத்தினார்கள்.

பதற்றம் அடங்கியது. ஆனால், அந்த பயம் மட்டும் முழுசாகப் போகவில்லை. இன்றைக்கும் எருக்கஞ்செடியில் நாலு வெட்டுக்கிளியைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் 2020 ஞாபகம் வந்துவிடுகிறது.

ஒரே பெயர்தான் குழப்பம்

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம், நாம் பயன்படுத்தும் சொல். ஆங்கிலத்தில் 'லோகஸ்ட்' என்றால் படையாகப் பறந்துவந்து அழிப்பது. 'கிராஸ்ஹாப்பர்' என்றால் புல்லில் தத்திக்கொண்டிருப்பது. தமிழ்ச் செய்திகளில் இரண்டுக்கும் வெட்டுக்கிளி என்ற ஒரே சொல்தான். சில ஊர்களில் தத்துக்கிளி என்று சொல்வார்கள். ஆனால், டி.வி-யில் 'வெட்டுக்கிளி படையெடுப்பு' என்று பார்த்தவருக்கு வரப்பில் தத்துவதும் அதுவாகத்தான் தெரியும்.

உலகத்தில் வெட்டுக்கிளி இனங்கள் பல ஆயிரம் உண்டு. அவற்றில் படையாகத் திரளும் குணம் உள்ளவை சுமார் 20 இனங்கள்தான். அந்தச் சில இனங்களின் கதை விசித்திரமானது.

பாலைவன வெட்டுக்கிளி வருஷக்கணக்கில் தனித்தனியாக, சாதுவாகத்தான் வாழும். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று ஒதுங்கிப் போகும். நல்ல மழை பெய்து, பாலைவனத்தில் பச்சை முளைத்து, எண்ணிக்கை பெருகும்போதுதான் சிக்கல். பிறகு புல் காயக் காய, மிச்சமிருக்கும் சிறிய இடத்தில் எல்லாம் நெருக்கியடித்து நிற்க வேண்டிவரும். ஒன்றின் பின்னங்கால் இன்னொன்றின் மேல் உரசிக்கொண்டே இருக்கும்.

அந்த உரசல்தான் தூண்டுதல். பின்னங்காலைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டே இருந்தால், வெட்டுக்கிளியின் நரம்பு மண்டலத்தில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கூடுகிறது. இரண்டு மணி நேரத்திலேயே அதன் நடத்தை மாறிவிடுகிறது. ஒதுங்கிப் போனது, இப்போது கூட்டத்தைத் தேடிப் போகும். இதை 2009-ல் விஞ்ஞானிகள் சோதனையில் காட்டினார்கள். மனிதர்களின் மனநிலையோடு சம்பந்தப்பட்ட அதே செரட்டோனின்தான்!

நடத்தை மாறியதும், அடுத்தடுத்த தலைமுறைகளில் நிறமும் உடல் வடிவமும்கூட மாறும். பார்க்க வேறு பூச்சி போலவே இருக்கும். அதனால்தான் பழைய காலத்து ஆய்வாளர்கள் இவற்றை வெவ்வேறு இனங்கள் என்றே நினைத்தார்கள். இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு வடிவங்கள் என்ற கருத்தை 1921-ல் முன்வைத்தவர், ரஷ்யப் பேரரசில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பூச்சியியலாளர் போரிஸ் உவரோவ்.

ஒரு பாலைவன வெட்டுக்கிளியின் எடை சுமார் 2 கிராம். ஒரு நாளில் தன் எடை அளவுக்குத் தின்னும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி வரை இருக்கலாம். அப்படி ஒரு கூட்டம் ஒரே நாளில் 35,000 பேர் சாப்பிடும் அளவுக்குப் பயிரைத் தின்றுவிடும் என்கிறது ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு. இதைக் கண்காணிக்கவே இந்தியாவில் 1939-ம் ஆண்டிலிருந்து வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு இயங்குகிறது. ராஜஸ்தானின் ஜோத்பூரில் இருந்து பாலைவனப் பகுதிகளை அது கவனிக்கிறது.

அப்போ எருக்கஞ்செடியில் இருப்பது யார்?

நம் வரப்போரத்து மஞ்சள் வெட்டுக்கிளி, இந்தப் படை எடுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது கிடையாது. அதன் விருப்ப உணவு எருக்கு. ஆடு, மாடு பெரும்பாலும் வாய் வைக்காத செடி அது. கிள்ளினால் வடியும் எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. கண்ணில் படக் கூடாது என்று பெரியவர்கள் குழந்தைகளைக் கண்டிப்பது அதனால்தான்.

அந்த நஞ்சை இந்த வெட்டுக்கிளி தின்று, செரிக்காமல் தன் உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்கிறது. பளிச்சென்ற மஞ்சளும் நீலமும், 'என்னைத் தின்றால் உனக்குத்தான் ஆபத்து' என்று பறவைகளுக்குக் காட்டும் எச்சரிக்கை பலகை. ஓடி ஒளிய வேண்டிய அவசியம் இல்லாததால்தான் கிட்டே போனாலும் நிதானமாக உட்கார்ந்திருக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் குஞ்சைப் பிடித்து அழுத்தினால், முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும். பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடினால் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

எருக்கு தீர்ந்துபோனால் பப்பாளி, கத்திரி போன்ற செடிகளில் இது மேய்வதுண்டு. தோட்டம் வைத்திருப்பவர்கள் அப்போது கவனிக்கலாம். செடி கொஞ்சம் என்றால், காலை வெயில் ஏறும் முன் மந்தமாக இருக்கும்போது கையுறை போட்டுப் பிடித்து அகற்றினாலே போதும்.

கடல் தாண்டியும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி மேய்ச்சல் நிலங்களிலும் பாலை ஓரங்களிலும் 'வானவில் வெட்டுக்கிளி' என்று ஒன்று இருக்கிறது. கருநீல உடம்பில் சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக இருக்கும். இறக்கை பெயருக்குத்தான், பறக்கவே முடியாது. அதுவும் யாருக்கும் பயப்படாமல் பட்டப்பகலில் உட்கார்ந்திருக்கும்.

400 இனம்... எதிரிகள் சிலர்தான்

அமெரிக்காவின் மேற்குப் பகுதி விவசாயிகளும் கால்நடை வளர்ப்பவர்களும் நம்மைப்போலவே இந்தக் குழப்பத்தைப் பல தலைமுறைகளாக அனுபவித்தவர்கள். அங்கே மேற்கில் இருக்கும் 17 மாநிலங்களில் மட்டும் சுமார் 400 வெட்டுக்கிளி இனங்கள் இருக்கின்றன. புல்லையும் பயிரையும் அடிக்கடி பாதிப்பவை அவற்றில் ஒரு சிறு பகுதிதான்.

சில இனங்கள் விவசாயிக்கு உதவியே செய்கின்றன. மாடுகளுக்கு விஷமான ஒரு களைச்செடி அங்கே உண்டு. அந்தக் களையை விரும்பித் தின்னும் ஒரு பச்சை வெட்டுக்கிளியைக் கொன்றால், நஷ்டம் மாடு வைத்திருப்பவருக்குத்தான். பாலைவனத்தில் கிரியோசோட் என்ற ஒரே ஒரு புதர்ச்செடியை மட்டுமே நம்பி வாழும் இனமும் இருக்கிறது. நம் எருக்கு வெட்டுக்கிளி போலத்தான்.

எண்ணிக்கை அதிகமாக இருந்தாலே ஆபத்து என்றும் சொல்ல முடியாது. 2019 ஜூலையில் பாலைவன நகரமான லாஸ் வேகாஸை வெட்டுக்கிளிகள் மொய்த்தன. வானிலை ரேடாரில் மழை மேகம் மாதிரி தெரியும் அளவுக்குக் கூட்டம். ஒரே இரவில் சுமார் 4.6 கோடி பறந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டார்கள். குளிர்காலத்தில் நல்ல மழை பெய்ததால் பெருகி, நகரத்தின் விளக்கு வெளிச்சத்துக்கு ஈர்க்கப்பட்டு வந்தவை அவை. சில வாரங்கள் மக்களைத் திண்டாட வைத்துவிட்டுக் கலைந்து போயின.

ஆனால், அதே மேற்கு அமெரிக்காவில் உண்மையான அழிவும் நடந்திருக்கிறது. 1870-களில் ராக்கி மலை வெட்டுக்கிளி என்ற இனம் படையெடுத்தது. 1875-ல் நெப்ராஸ்காவில் ஆல்பர்ட் சைல்ட் என்ற மருத்துவர், தந்தி மூலம் பக்கத்து ஊர்களில் விசாரித்து ஒரு கூட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டார். சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் வந்தது. தமிழ்நாட்டைப்போல கிட்டத்தட்ட 4 மடங்கு! பயிர் மட்டுமல்ல, கொடியில் காயப்போட்ட துணியையும் மண்வெட்டிக் காம்பையும்கூட மென்றதாக அந்தக் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன.

மின்னசோட்டா மாநில ஆளுநர் 1877 ஏப்ரல் 26-ம் தேதியைப் பிரார்த்தனை நாளாகவே அறிவித்தார். அதே ஆண்டில் கோல்ட் ஸ்பிரிங் என்ற ஊர் மக்கள், வெட்டுக்கிளியிடமிருந்து காக்க வேண்டி மாதாவுக்குக் குன்றின் மேல் ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். 'வெட்டுக்கிளி ஆலயம்' என்ற பெயரில் அது இன்றும் அறியப்படுகிறது. பயிர் போனால் சாமியிடம் போய் நிற்பது எல்லா ஊர் வழக்கமும்தான்.

அடுத்து நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. கோடானுகோடியாகப் பறந்த அந்த இனம், 30 வருடங்களுக்குள் சுத்தமாகக் காணாமல் போனது. கடைசியாக உயிரோடு பிடிக்கப்பட்டது 1902-ல். அந்தக் காலத்தில் இன்றைய பூச்சிக்கொல்லிகளே கிடையாது. பிறகு எப்படி?

வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி லாக்வுட் ஒரு விளக்கம் தருகிறார். படை ஓய்ந்திருக்கும் வருடங்களில் அந்த வெட்டுக்கிளி, மலையடிவார ஆற்றுப் பள்ளத்தாக்குகளில்தான் முட்டையிட்டு வந்தது. புதிதாகக் குடியேறிய விவசாயிகள் போய் உட்கார்ந்ததும் அதே பள்ளத்தாக்குகளில்தான். அவர்கள் ஏர் உழுதார்கள், தண்ணீர் பாய்ச்சினார்கள், மாடு மேய்த்தார்கள். மண்ணுக்குள் இருந்த முட்டைகள் நாசமாகின. ஓர் இனத்தையே தாங்கள் ஒழித்துக்கொண்டிருப்பது அவர்களுக்கே தெரியாது.

ஓர் இனமே மறைந்துபோனது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆனால், இதில் கூரம் விவசாயிக்கு வேண்டிய ஒரு குறிப்பு இருக்கிறது. வெட்டுக்கிளியின் பலவீனம் அது முட்டையிடும் மண்தான்.

நெல்லைத் தின்பது எது? மீசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

இப்போது வரப்பை விட்டு வயலுக்குள் இறங்குவோம். நெல் வயலில் பொதுவாகப் பார்க்கக்கூடிய வெட்டுக்கிளிகளை அடையாளம் காண, பூச்சியியல் படித்திருக்க வேண்டியதில்லை. அதன் தலையில் இருக்கும் உணர்கொம்பை, அதாவது மீசையைப் பார்த்தால் போதும்.

மீசை குட்டையாக, உடம்பில் பாதிகூட இல்லையென்றால், அது இலையைத் தின்னும் வகை. பெரிதாக, பச்சையாக, கழுத்துப் பட்டையில் குறுக்கே கருப்புக் கோடுகளோடு இருப்பது ஒரு இனம். கண்ணுக்குப் பின்னாலிருந்து பழுப்புக் கோடு ஓடும் சின்னப் பச்சை வெட்டுக்கிளி இன்னொரு இனம். இவை நெல் இலையின் ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே போகும். எண்ணிக்கை அதிகமானால் நடு நரம்பு மட்டும்தான் மிஞ்சும். கதிர் வரும் நேரத்தில் கதிர்க் காம்பையும் கடித்துவிடும். இவைதான் விவசாயி கவனிக்க வேண்டியவை.

மீசை நூல் மாதிரி மெல்லிசாக, உடம்பைவிட நீளமாக இருந்தால், அதை விட்டுவிடுங்கள். அது கொஞ்சம் இலையைக் கடிக்கும்தான். ஆனால், குருத்துப்பூச்சி இலையில் இடும் முட்டைக் குவியலைத் தேடித் தின்னும். தத்துப்பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். வெண்கதிர் விழாமல் காக்கும் காவல்காரர்களில் ஒன்று அது.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு சுவாரஸ்யம். குட்டை மீசைக்காரருக்குக் காது வயிற்றுப் பக்கத்தில் இருக்கிறது. நீள மீசைக்காரருக்குக் காது முன்னங்காலில் இருக்கிறது. சாயங்காலம் புல்லுக்குள்ளிருந்து கேட்கும் மெல்லிய 'கிர்ர்ர்' சத்தம் பெரும்பாலும் நீள மீசைக்காரர் ஒரு இறக்கையை இன்னொன்றில் உரசுவதால் வருவது.

வரப்புக்குள் இருக்கும் அடுத்த வருஷத்து வெட்டுக்கிளி

கூரம் செப்பேடு 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் கொடுத்தது. கோயிலுக்குக் கொடுத்த நிலத்தோடு, பரமேஸ்வர தடாகம் என்ற ஏரியைப் பற்றியும், பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட கால்வாயைப் பற்றியும் அது பேசுகிறது. ஏரியும் கால்வாயும் வயலுமாக வாழ்ந்த மண் இது. வயல் இருந்தால் வரப்பு இருக்கும். வரப்பு இருந்தால் வெட்டுக்கிளிக்கு முட்டையிட இடம் இருக்கும்.

நெல்லைத் தின்னும் பெரிய வெட்டுக்கிளி மழைக்காலத்தின் முடிவில் தன் வயிற்று நுனியை மண்ணுக்குள் இறக்கி, சில அங்குல ஆழத்தில் கொத்தாக முட்டையிடும். மேலே நுரை போன்ற திரவத்தை விட்டு மூடும். அது காய்ந்து கெட்டியாகி, முட்டைகளுக்கு உறை ஆகிவிடும். தண்ணீர் தேங்கும் வயலுக்குள் இடாது. ஈரம் குறைந்த, உழவு படாத வரப்புதான் அதற்குப் பிடித்த இடம். அடுத்த ஆண்டு மழை வரும் வரை அந்த முட்டைகள் அங்கேயே தூங்கும். மழை விழுந்து வரப்பில் புல் முளைத்ததும், குஞ்சு வெளியே வந்து முதலில் அந்தப் புல்லைத்தான் மேயும். அப்புறம்தான் பயிருக்கு இறங்கும்.

முந்தைய தலைமுறை ஒவ்வொரு போகத்துக்கும் வரப்பைச் செதுக்கி, அண்டை வெட்டி, சேறு பூசியது எலி வளையை அடைக்கவும் தண்ணீர் கசியாமல் இருக்கவும்தான். அதே வேலையில் வெட்டுக்கிளி முட்டைகளும் வெளியே வந்து விழுந்தன. வெயிலில் காய்ந்தவை போக, மீதியை மைனாவும் கொக்கும் பொறுக்கின. இப்போது ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை. டிராக்டர் வயலை உழுகிறது, வரப்பைத் தொடுவதில்லை. களைக்கொல்லி அடித்துப் புல்லைக் கருக்கிவிட்டு வரப்பை அப்படியே விட்டுவிடுகிறோம். முட்டை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது.

தவறான மருந்து என்ன செய்யும்?

'எதுக்கும் ஒரு தடவை அடிச்சு வெச்சுடலாம்' என்று அடிக்கும் மருந்துதான் இதில் பெரிய செலவு. காசு போவது மட்டும் இல்லை.

நெல் வயலில் சிலந்திகளும் சில நல்ல நாவாய்ப்பூச்சிகளும் புகையானைத் தின்று கட்டுக்குள் வைத்திருக்கின்றன. தேவையில்லாமல் மருந்து அடித்தால் முதலில் சாவது இவைதான். புகையானின் முட்டைகள் இலை உறைக்குள் பத்திரமாக இருக்கும். மருந்தின் வீரியம் குறைந்ததும் அவை பொரிக்கும். தின்ன ஆள் இல்லாததால் ஒன்று நூறாகப் பெருகும். வட்ட வட்டமாக வயல் காய்ந்து, எரிந்ததுபோல் ஆகும்.

இந்தோனேசியா இந்தப் பாடத்தைத் தேசிய அளவில் கற்றது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகி நெல்லை அழித்ததால், 1986-ல் அந்நாட்டு அரசு நெல்லுக்குப் பயன்படுத்திய 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே உத்தரவில் தடை செய்தது. விளைச்சல் குறையவில்லை.

எருக்கஞ்செடியில் இருந்த நாலு வெட்டுக்கிளியைப் பார்த்து பயந்து வயலுக்கு மருந்தடிப்பவர், வராத வெட்டுக்கிளிப் படைக்காக வராமல் இருந்த புகையானைக் கூப்பிடுகிறார்.

என்ன செய்யலாம்?

* முதலில் செடியைப் பாருங்கள். வெட்டுக்கிளி எருக்கில் மட்டும் இருக்கிறதா, நெல் இலையிலும் கடித்த தடம் இருக்கிறதா? எருக்கில் மட்டும் என்றால் வயலுக்கு மருந்து வேண்டாம்.

* நெல்லில் இருந்தால் மீசையைப் பாருங்கள். நீள மீசை நண்பன். குட்டை மீசையைக் கவனியுங்கள்.

* அறுவடைக்குப் பிறகு கோடை உழவு செய்யுங்கள். வயல் முழுவதற்கும் முடியாவிட்டாலும், நடவுக்கு முன்பு வரப்பின் ஓரங்களையாவது செதுக்கிவிடுங்கள்.

* சொர்ணவாரி, சம்பா, நவரை எந்தப் பட்டமாக இருந்தாலும், பயிர் இளசாக இருக்கும்போது வயலில் ஆங்காங்கே 'டி' வடிவத்தில் குச்சிகளை நட்டு வையுங்கள். கரிச்சானும் மைனாவும் உட்கார்ந்து பூச்சியைப் பொறுக்கும்.

* குஞ்சுகள் வரப்புப் புல்லில் இருக்கும்போதே பார்த்துவிட்டால், வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்பது வழக்கமான அளவு. முதல்நாள் இரவே இடித்து ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும்.

* சந்தேகம் இருந்தால் உரக்கடைக்குப் போகும் முன் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போங்கள். போட்டோ எடுக்கும்போது தலையும் மீசையும் தெரியும்படி பக்கவாட்டில் எடுங்கள். கட்டணமில்லாத கிசான் அழைப்பு மையத்தின் எண் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம்.

எருக்கை என்ன செய்ய?

எருக்கைப் பார்த்தால் வெட்டிப்போடத் தோன்றும். விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்ட மட்டும் அதைத் தேடுவோம். ஆனால், வருடம் முழுக்க அந்தச் செடியை நம்பி ஒரு சின்ன உலகமே இருக்கிறது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுவது அதில்தான். அதன் பூவைத் தேடி பெரிய கருந்தேனீ வரும். மஞ்சள் வெட்டுக்கிளியும் அந்த உலகத்தில் ஓர் ஆள்.

பட்டுப்புழு என்ற ஒரு பூச்சியின் நூலை நம்பி நூற்றாண்டுகளாக வாழும் பகுதி காஞ்சிபுரம். இங்கே இருப்பவர்களுக்குப் பூச்சி புதிது இல்லை. அடுத்த முறை வரப்போரம் எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக நாலு பேர் உட்கார்ந்திருந்தால், போட்டோ எடுங்கள், குரூப்பிலும் போடுங்கள். கூடவே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "பயப்படாதீங்க, இது எருக்கு தின்கிற வெட்டுக்கிளி. நெல்லுக்கு வராது."

அந்த ஒரு வரியால் உரக்கடைக்குக் கிளம்பிய ஒருவர் வீட்டுக்குத் திரும்பினாலும் லாபம்தான்.